புகை போத்தலுக்குள்ளேயே இருக்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெஸ்கால் என்ற மெக்சிகோ மதுவைப் பற்றியவை. வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது இப்போது விஸ்கியோடு இதையும் கொண்டு வருகிறார்கள் போலும். நல்ல சரக்கு, பழுதாக்காமல் பாவிக்க வேண்டும். வழமைபோல முதலில் ஒன்று: அளவுக் கோப்பை இல்லாமல் போத்தலைத் திறக்காதீர்கள்.

மெஸ்காலும் டெக்கிலாவும் ஒன்றா? (உப்புவெளி)

இரண்டும் அகாவே என்ற, கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மதுதான். டெக்கிலாவுக்கு அகாவே வகைகளில் நீல அகாவே மட்டும்தான். அதை அநேகமாக ஆவியில் அவிப்பார்கள். மெஸ்காலுக்குப் பல வகை அகாவே உண்டு, பெரும்பகுதி மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில் தயாராகிறது. அங்கே குழி தோண்டி, விறகெரித்துக் கல்லைச் சூடாக்கி, அகாவேயின் அடித்தண்டை அதன்மேல் அடுக்கி, மண்ணால் மூடி மூன்று நான்கு நாள் வேகவிடுவார்கள். புகை அந்தக் குழியில் ஏறுகிறது. நீங்கள் வீட்டில் வேறு புகை சேர்க்க வேண்டியதில்லை.

இனிப்புக் குறைவாக, உப்பும் புளிப்புமாக மெஸ்கால் கலவை ஒன்று சொல்லுங்கள். (ஓர்ஸ்ஹில்)

இரண்டு தக்காளியைச் சிரட்டைக் கரித்தணலில் தோல் கருகி வெடிக்கும்வரை சுட்டு, தோலை உரித்து, மசித்து மெல்லிய துணியில் வடியுங்கள். அந்தச் சாறு 45 மில்லி, மெஸ்கால் 45 மில்லி, தேசிக்காய்ச் சாறு 20 மில்லி, பனங்கட்டிப் பாணி ஒரு தேக்கரண்டி, விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒரு வட்டம். உப்பைக் கோப்பை விளிம்பில் அப்ப வேண்டாம். 10 கிராம் உப்பை 40 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, நாலைந்து துளி உள்ளே விடுங்கள். அந்த உப்புதான் தக்காளியையும் புகையையும் சேர்த்துப் பிடிக்கும். ஐஸோடு நன்றாகக் குலுக்கி வடித்து ஊற்றுங்கள்.

தேசிக்காயை முதல் நாளே பிழிந்து வைக்கலாமா? (லிங்கநகர்)

வேண்டாம். சில மணி நேரத்திலேயே மணம் போய்விடும்.

நீங்கள் முன்பு சொன்னபடியே செய்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஏன்? (சீனக்குடா)

தம்பி, எவ்வளவு ஊற்றினீர்கள், எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் "மீனுக்குப் போடும் ஐஸைத்தான் உடைத்துப் போட்டேன்" என்று இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

இதை எத்தனை தரம் எழுதினாலும் நம் ஊரில் ஐஸை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. போத்தலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் ஐஸ் என்று வந்ததும் கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். குலுக்கும்போது ஐஸ் உருகிக் கலப்பது குறையல்ல, தேவை. 100 மில்லி கலவையைப் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கினால் 25, 30 மில்லி தண்ணீர் சேரும்; அளவுகள் எல்லாம் அதைக் கணக்கில் வைத்துத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், வெளியில் கிடந்து சொட்டுகிற ஐஸை அள்ளிப் போட்டால், அதன்மேல் நிற்கும் தண்ணீர் முழுக்க உங்கள் கோப்பைக்குள் வரும். பொடியாக உடைத்திருந்தால் இன்னும் மோசம்.

அதோடு மீன் ஐஸ் குடிப்பதற்கென்று செய்யப்படுவதல்ல. தரையில் இழுபட்டு, சாக்கில் சுற்றி வருவது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

கொதித்து ஆறிய நீரை மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றி ஓர் இரவு உறைய விடுங்கள். மூடி கட்டாயம், பக்கத்தில் பாரை மீன் இருந்தால் ஐஸ் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். கட்டியைத் துணியில் சுற்றிக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் பெரிய துண்டுகளாக உடையும். குலுக்கும் பாத்திரத்தில் முக்கால்வாசிக்கு நிரப்புங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரிக் குளிர்ந்ததும் நிறுத்துங்கள். குலுக்கிய ஐஸைக் கொட்டிவிட்டு, கோப்பைக்குப் புதிதாக ஒரே ஒரு பெரிய துண்டு.

வேலியோரம் ஆனைக்கற்றாழை நிற்கிறது. அதிலிருந்து நாமே வடிக்கலாமா? (தம்பலகாமம்)

கூடாது. அது அகாவே இனம்தான். ஆனால் பச்சைச் சாறு பட்டாலே தோல் அரித்துக் கொப்பளிக்கும். மெஸ்காலுக்கு அதிகம் பாவிக்கும் எஸ்பதீன் வகையே ஆறு முதல் எட்டு வருடம் வளர வேண்டும். வீட்டில் வடிப்பது சட்டப்படி குற்றம், மெதனோல் சேர்ந்தால் கண்ணும் உயிரும் போகும். கசிப்பு செய்த கேடு போதாதா?

போத்தலுக்குள் புழு இருந்தால்தான் அசலா? (பாலையூற்று)

இல்லை. அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. விற்பனைக்காகப் போடத் தொடங்கியது. நல்ல மெஸ்கால் பலவற்றில் புழுவே இல்லை.

மெஸ்கால் கிடைக்கவில்லை, டெக்கிலாதான் இருக்கிறது. புகைச்சுவைக்கு என்ன வழி? (அலஸ்தோட்டம்)

முதலில் போத்தலில் 100 வீதம் அகாவே என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி எழுதாததில் பாதியளவு வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம். அப்புறம், லப்சாங் சூச்சோங் என்ற சீனத் தேயிலை பைன் விறகுப் புகையில் உலர்த்தப்படுவது. கொழும்பில் தேடலாம். 200 மில்லி டெக்கிலாவில் ஒரு தேக்கரண்டி போட்டு இருபது நிமிடத்தில் வடித்துவிடுங்கள், கூடினால் கசக்கும். அதுவும் இல்லாவிட்டால் சுட்ட தக்காளியே போதும். கடைகளில் விற்கும் புகை எசென்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்பாவுக்கு நீரிழிவு. பாணியை விட்டுவிட்டுக் கொடுத்தால் சரிதானே? (நிலாவெளி)

பாணி இங்கே சின்ன விஷயம், பிள்ளை. நீரிழிவு மருந்தோடு மது சேரும்போது இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும், வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக. வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்தத் தக்காளிச் சாறு, தேசிக்காய், உப்பு, சோடா சேர்த்துக் கொடுங்கள். அதுவே நல்ல பானம்.

கண்ணளவில் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? (சாம்பல்தீவு)

குறையாது, கூடும். மெஸ்கால் பெரும்பாலும் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வீதம். கண்ணளவில் 45 மில்லி சுலபமாக 70 ஆகிவிடும், இரண்டு கோப்பை குடித்தவர் மூன்று குடித்ததாக ஆகும். அவர்தான் பிறகு மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடுவார். அளந்து ஊற்றுங்கள்.

கடிக்க என்ன வைக்கலாம்? (திருக்கடலூர்)

தணல் ஏற்கனவே இருக்கிறதே. கணவாயை மிளகும் உப்பும் தடவி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டுங்கள். அதற்கு மேல் போனால் இறப்பராகிவிடும்.