லிட்டில்கோட் மாளிகையும் ஒரு கிழவியின் பேச்சும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் ஹங்கர்ஃபோர்டு அருகே லிட்டில்கோட் ஹவுஸில் தங்கினோம். டியூடர் காலத்து மாளிகை, இப்போது ஹோட்டல். அங்கே பேய்க்கதை பிரபலம். 16ஆம் நூற்றாண்டில் வீட்டுக்காரர் வில்லியம் டாரல், பிறந்த குழந்தையைக் கணப்பில் போட்டு எரித்தாராம். நீதிபதி ஜான் பாப்பமுக்கு வீட்டையே லஞ்சமாக எழுதிக்கொடுத்துத் தப்பினாராம். பிறகு குழந்தையின் ஆவியைக் கண்டு குதிரை மிரள, விழுந்து செத்தாராம். என் மகள் இரவெல்லாம் தூங்கவில்லை. ஒரு மருத்துவச்சிக் கிழவியின் பேச்சைத் தவிர இதற்கு ஆதாரமே கிடையாது என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். படித்தவர்கள்கூட இதை எப்படி நம்புகிறார்கள்? பேய் பற்றி உங்கள் கருத்து என்ன?

எஸ்., ஸ்விண்டன்

அன்புள்ள எஸ்.,

பேய் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பயந்த பிள்ளைக்கு விளக்கைப் போட்டு வையுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். படித்தவர்கள் நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

ஆனால் ‘கிழவியின் பேச்சைத் தவிர’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எளிய மனிதர்கள் சொன்ன சாட்சியம் எப்படிக் கதையாக உருமாறுகிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

முதலில் கதையில் தள்ள வேண்டியதைத் தள்ளிவிடலாம். பாப்பம் தலைமை நீதிபதி ஆனது 1592இல். டாரல் இறந்தது 1589 அக்டோபரில். செத்துப்போனவரை எந்த நீதிபதி விசாரித்து விடுவிப்பார்? வீடு பாப்பம் கைக்குப் போனது உண்மைதான். டாரல் வழக்கும் கடனுமாகவே வாழ்ந்தவர், பாப்பம் அப்போது அரசின் அட்டர்னி ஜெனரல். அப்படி ஒருவருடைய தயவு டாரலுக்குத் தேவைப்பட்டிருக்கும். லஞ்சக் கதையை எழுத்தில் பரப்பியவர் ஜான் ஆப்ரே, அடுத்த நூற்றாண்டுக்காரர். குதிரை மிரண்ட கதையையும் விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது அந்தக் கிழவி. அவர் பெயர் மதர் பார்ன்ஸ். கிரேட் ஷெஃபோர்டு என்ற ஊரில் பேறு பார்த்தவர். அவர் சொன்னதை ஆண்டனி பிரிட்ஜஸ் என்ற மாஜிஸ்திரேட் 1578 வாக்கில் எழுதி வைத்தார். ராத்திரியில் குதிரையில் ஆட்கள் வருகிறார்கள். தெரிந்த ஒரு சீமாட்டியின் பெயரைச் சொல்லி அழைத்துப் போகிறார்கள். போய்ச் சேர்ந்த வீடு வேறு. கட்டிலில் முகமூடி போட்ட ஒரு பெண். கறுப்பு வெல்வெட் அங்கி அணிந்த ஒரு மனிதர். தாய் பிழைத்தால் கூலி உண்டு, இல்லாவிட்டால் உன் உயிர் போகும் என்கிறார். குழந்தை பிறக்கிறது. மருத்துவச்சி சுற்றுவதற்குத் துணி கேட்கிறார், கிடைக்கவில்லை. தான் கட்டியிருந்த ஏப்ரனிலேயே சுற்றுகிறார். அந்த மனிதர் தீ எரியும் கணப்பைக் காட்டி, அதில் போடு என்கிறார். மருத்துவச்சி முழந்தாளிட்டு, குழந்தையை எனக்குக் கொடுங்கள், என் பிள்ளையாக வளர்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறார். அவர் கேட்கவில்லை.

இந்த வாக்குமூலத்தில் டாரல் என்ற பெயர் இல்லை. லிட்டில்கோட் என்ற பெயரும் இல்லை. அதனால்தான் ஆதாரமில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் அந்தப் பெண்ணை நம்புவதே அதனால்தான், எஸ். இட்டுக்கட்டிச் சொல்கிறவர் முதலில் பெயரைத்தான் சொல்வார். இவர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டாரல்தான் செய்தார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் தண்டிக்கப்படவும் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் வீட்டில் இது நடந்தது. சாட்சியில் இருந்த அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்காலத்துக் கதை படாத பாடு பட்டது. வால்டர் ஸ்காட் 1813இல் தன் நெடுங்கவிதையின் குறிப்புகளில் சேர்த்த வடிவத்தைப் பாருங்கள். அதில் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போகப்பட்ட மருத்துவச்சி, கட்டில் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு திரும்பத் தைத்து வைக்கிறார், படிகளை எண்ணிக்கொள்கிறார். வெறுமனே கெஞ்சிய ஒரு பெண் கதைக்குப் போதவில்லை. துப்பறிகிறவராக ஆக்கினால்தான் ஊர் நம்பும்போலிருக்கிறது.

என் அப்பத்தாவும் பேறு பார்த்தவர். சுருக்குப்பையில் நூல்கண்டு, பிளேடு, சின்னக் குப்பியில் விளக்கெண்ணெய், துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டு, எப்போதும் தயாராக இருக்கும். ராத்திரி கதவைத் தட்டினால் யார் என்று கேட்பதற்குள் பையை எடுத்துவிடுவார். பெரிய வீட்டுக்கு என்றால் கொல்லைப்புற வழி. ஒரு தடவை அப்படிப் போய்விட்டு விடியும் முன் வந்தவர், கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். தாத்தா என்ன குழந்தை என்று கேட்டார். “பொறந்துச்சு, இல்ல” என்றார். அவ்வளவுதான். அப்புறம் சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டு விசேஷங்களுக்கு அவருக்கு மட்டும் தனியாகச் சேலை வந்துகொண்டிருந்தது. அதை அவர் ஒருநாளும் உடுத்தியதில்லை.

பேறு பார்க்கிறவளுக்கு எல்லா வீட்டு ரகசியமும் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்த வீட்டுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். இதை அறிந்தும் ஒரு பெண் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொன்னாள் என்பது எவ்வளவு பெரிய காரியம்! நானூறு வருடம் கழித்து, வீட்டில் இணையமும் கையில் போனும் வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சை ஒரே வரியில் தள்ளிவிட்டு, அதையே மகளுக்கு ஆறுதலாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கிழவி சொன்னால் அது ஒன்றுமில்லை என்றுதான் உங்கள் மகள் அதிலிருந்து கற்றுக்கொள்வாள்.

இன்னொன்றும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லாங்லீட் மாளிகை ஆவணங்களில் ஒரு கடிதம் கிடைத்தது. 1579 ஜனவரியில் சர் ஹென்றி நிவெட் எழுதியது. போன்ஹாம் என்ற ஒருவரின் சகோதரி டாரல் வீட்டில் இருந்தாள், அவளைப் பற்றி விசாரிக்கச் சொல்கிறார். அவளுக்கு எத்தனை குழந்தைகள், அவை என்ன ஆயின என்று கேட்கிறார், அதில் ஒன்று கொல்லப்பட்டதாகப் பேச்சு வலுத்து வருகிறது என்கிறார். பேசியது மருத்துவச்சி ஒருத்தி மட்டுமல்ல, அக்கம்பக்கமே பேசியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு வந்த பதில் நம் கைக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் மகள் வளர்ந்த பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள், கணப்பை மட்டும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லுங்கள். கிரேட் ஷெஃபோர்டு அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம். லிட்டில்கோட் தோட்டத்தில் இருக்கும் ரோமானிய ஆர்ஃபியஸ் மொசைக்கைப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காவிட்டால் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்