எரியும் காமன், மூழ்கும் வைக்கோல் பொம்மை: பனிக்கு விடைகொடுக்கும் சடங்குகள் குறித்த கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துத் திருவிழாக்களை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வருபவன் என்ற முறையில், பனிக்காலம் முடிந்து வேனில் தொடங்கும் பருவத்தையொட்டி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை விடை எழுதியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: பல நாடுகளில் பொம்மையை எரித்தும் நீரில் தள்ளியும் குளிர்காலத்தை விரட்டுகிறார்கள் என்று படித்தேன். நம் ஊரில் உறைபனியும் இல்லை, நடுக்கும் குளிரும் இல்லை. நாம் எதை வழியனுப்புவது?

பனியைத்தான். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்லிவைத்தவர்கள் நம் முன்னோர்கள். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த தமிழ் மரபு, மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்திருக்கிறது. பனிக்கு மட்டும் நான்கு மாதங்கள் ஒதுக்கியவர்களிடம் அதை அனுப்பிவைக்கும் சடங்கு இல்லாமல் போகுமா?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். போலந்தின் வார்சாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேர வித்தியாசம் உண்டு; புதுச்சேரியில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே மாதக்கணக்கில் வெளிச்சத்தைத் தொலைத்தவர்கள் ஒரே நாளில் ஆரவாரமாகக் குளிரைத் துரத்துகிறார்கள். இங்கே பனி மெல்ல விலகுவதால், மார்கழிக் கடைசியில் போகித் தீயில் தொடங்கி, தையில் ஆற்று நீர், மாசியில் கடல் நீர், மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியில் மீண்டும் தீ என்று வழியனுப்புதல் நீண்டுகொண்டே போகிறது. இவை அனைத்தும் பனியை நினைத்தே உருவானவை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புராணம் இருக்கிறது. ஆனால் பருவம் திரும்பும் வேளையில் தீயும் நீரும் மாறி மாறி வருவதைக் கவனித்தவர்கள், அதைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒருவர்: எங்கள் பாட்டி ஊரில் முச்சந்தியில் காமன் நட்டு எரிப்பார்கள். இது வடநாட்டு ஹோலியின் நகலா?

நகல் என்று சொல்வதற்கில்லை. பருவமும் பௌர்ணமியும் பல ஆண்டுகளில் ஒத்துப்போகின்றன என்பது உண்மை. ஹோலிக்கு முந்தைய இரவு வடக்கே ஹோலிகா என்னும் அரக்கியை எரிக்கிறார்கள், இங்கே மன்மதனை எரிக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் காமனுக்கு வழிபாடு இருந்ததற்கான பழைய சான்றைச் சிலப்பதிகாரமே தருகிறது. சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவரோடு இன்புற்று வாழலாம் என்று கண்ணகியின் தோழி தேவந்தி அவளிடம் சொல்கிறாள். கண்ணகி 'பீடன்று', அதாவது அது பெருமை ஆகாது, என்று மறுத்துவிடுகிறாள். புகாரில் காமனுக்கு ஒரு கோட்டம் இருந்தது என்பதை அந்த ஒரு காட்சியிலிருந்தே அறிகிறோம்.

உங்கள் பாட்டி ஊரில் நடப்பதை நான் பார்த்த அளவில் எழுதுகிறேன். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று முச்சந்தியில் குழி தோண்டி, கரும்பையும் ஆமணக்குச் செடியையும், அதாவது நம் பக்கத்தில் கொட்டாமுத்து என்று சொல்கிறோமே அதையும், சேர்த்து நடுவார்கள். அதைச் சுற்றி வைக்கோல் பிரியைச் சுற்றி, இடையிடையே வறட்டியைச் செருகுவார்கள். தை அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் குவிந்திருக்கும் நேரம் ஆகையால் அதற்குப் பஞ்சம் இருக்காது. பௌர்ணமி நெருங்க நெருங்கக் காமன் பருத்துக்கொண்டே போவான். கரும்பு ஏன் என்று கேட்டால், அவனுடைய வில் கரும்பு, நாண் வண்டுகள், அம்புகள் தாமரை, அசோகு, மா, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள், தேர் தென்றல், உற்ற துணைவன் வசந்தன். வேனிலின் அடையாளங்கள் அத்தனையையும் ஒருவனுக்கு ஆயுதமாகவும் வாகனமாகவும் கொடுத்துவிட்டு, அவனையே எரிக்கும் விழா இது. வெளிநாடுகளில் குளிர்காலத்தை எரிக்கிறார்கள். நாம் வசந்தத்தின் தோழனை எரித்துவிட்டு, அவன் உருவமில்லாமல் எங்கும் பரவியிருக்கிறான் என்று ஆறுதல் கொள்கிறோம். எனக்கு இந்த வட்டாரத்துச் சடங்குகளிலேயே மிக ஆழமானதாகத் தோன்றுவது இதுதான்.

எரித்த இரவில் ரதி வேடம் புனைந்தவர் ஒப்பாரி வைப்பார். கூட்டத்தில் இருக்கும் பெண்களில் பலர் அது கூத்து என்பதை மறந்து உண்மையாகவே அழுவதைப் பார்த்திருக்கிறேன். சில ஊர்களில் மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கும் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் இதைக் காமன் கூத்து என்ற பெயரில் அங்கேயும் கொண்டுபோய் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

அதே அன்பர்: லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பாடுவார்களே, முடிவில் யார் வெல்வார்கள்?

யாரும் வெல்வதில்லை, வென்றுவிட்டால் மறுநாள் பாட்டு இருக்காது. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் இங்கே வேரூன்றிய கலை லாவணி. இரண்டு கட்சியினரும் எதிரெதிரே அமர்ந்து, டேப் என்னும் தோல் வாத்தியமும் துந்தினா என்னும் ஒற்றை நரம்பு வாத்தியமும் ஒலிக்க, இரவு முழுவதும் வாதாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் காமன் சாம்பலானது உண்மை, இல்லையென்றால் ரதி ஏன் அழுதாள் என்று ஒரு கட்சி கேட்கும். சாம்பலாகியிருந்தால் உன் வீட்டில் தொட்டில் ஏன் ஆடுகிறது, தொழுவத்தில் பசு ஏன் கன்று போட்டது என்று மறு கட்சி மடக்கும். மயிலாடுதுறை அருகேயுள்ள திருக்குறுக்கைதான், சிவன் வீரம் காட்டிய எட்டு வீரட்டத் தலங்களுள் காமனை எரித்த தலம் என்பதை எரிந்த கட்சிக்காரர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு தாய்: போலந்தில் படிக்கும் என் மகன், அங்கே பள்ளிப் பிள்ளைகள் வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி ஆற்றில் எறிந்ததைப் பார்த்து வியந்து எழுதியிருந்தான். அது என்ன?

அந்தப் பொம்மையின் பெயர் மர்ஸான்னா. குளிருக்கும் சாவுக்கும் உருவமாக வைக்கோலில் பெண் பொம்மை கட்டி, பழந்துணி உடுத்தி, மணிச்சரம் சூட்டி, மார்ச் 21ஆம் தேதியையொட்டி ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தீவைத்து நீரில் தள்ளுவார்கள். உங்கள் மகனிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: பொம்மையைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகள் பின்னால் பார்த்தார்களா? திரும்பிப் பார்த்தால் நோய் வரும், நீரில் கிடக்கும் பொம்மையைத் தொட்டால் கை வாடும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. சுடுகாட்டில் கொள்ளி வைத்தவரிடம் 'திரும்பிப் பார்க்காமல் வா' என்று நம் பெரியவர்கள் சொல்வதை இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு அவர்கள் நடத்துவது ஓர் இறுதி ஊர்வலம்.

ஆரோவில் அருகே குடியிருப்பவர்: பல்கேரியாவிலிருந்து வந்த தோழி ஒருவர் மார்ச் முதல் தேதியன்று என் கையில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கட்டினார். எப்போது கழற்றலாம்?

அது மார்த்தெனித்சா. நாரையையோ தகைவிலான் குருவியையோ பூத்த மரத்தையோ முதன்முதலில் காணும் நாளில் கழற்றி, மரக்கிளையில் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். மார்ச் மாதத்தைச் சட்டென்று கோபமும் சட்டென்று சிரிப்பும் வரும் ஒரு பாட்டியாக எண்ணி 'பாபா மார்த்தா' என்று அழைக்கிறார்கள்; அந்தப் பாட்டியைச் சாந்தப்படுத்தத்தான் இந்த நூல். ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளோடு சேர்த்து 2017இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. உங்களுக்கு நாரை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாசியில் மாவும் முந்திரியும் பூத்து நிற்கும். முந்திரிக் கிளையிலேயே கட்டுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: போகியன்று பழையதை எரிப்பது மரபுதானே, புகை என்று ஏன் தடுக்கிறார்கள்?

எரிப்பது மரபு; ஆனால் எரிந்த பொருள் மாறிவிட்டது. கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓலை, கிழிந்த பருத்தித் துணி ஆகியவை எரிந்த இடத்தில் இன்று டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் எரிகின்றன. அதோடு, மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், புகை மேலே எழும்ப வழியின்றித் தெருவிலேயே தேங்கிப் பனியோடு கலக்கிறது. சென்னையில் போகிப் புகையால் விமானங்கள் தடைப்பட்டதும் உண்டு. ஒரே ஒரு பழம்பாயை எரித்தாலும் போகி நிறைவாகும் என்பது என் உறுதியான கருத்து. போகி மேளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கைப்பிடி அகல மண்வளையத்தில் தோல் ஒட்டிய அந்தச் சிறு மேளம் பனியில் நமுத்துச் சத்தம் அடங்கிவிடும். பிள்ளைகள் அதைத் தீயருகே காட்டிச் சூடேற்றி மீண்டும் அடிப்பார்கள். தீ மூட்டியதன் பயனே அந்தச் சூட்டுக்குத்தான் என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

உழவர்கரையிலிருந்து ஓய்வுபெற்றவர்: பிரான்சில் இருக்கும் என் மகள் வீட்டில் பிப்ரவரி 2 அன்று தோசைபோல் ஒன்றை வார்த்து, கையில் காசு வைத்துக்கொண்டு திருப்பிப் போடுகிறார்கள். எதற்காக?

அந்நாளுக்கு ஷாந்தலர் என்று பெயர். கிறிஸ்துமஸையும் சேர்த்து எண்ணினால் 40ஆம் நாள், மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள். அன்று வார்ப்பது கிரேப். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டியை வீசிக் கிரேப்பைத் திருப்பி, அது கீழே விழாமல் சட்டியிலேயே வந்து படிந்தால் ஆண்டு முழுவதும் கையில் காசு தங்கும் என்பது நம்பிக்கை. வட்டமாகவும் பொன்னிறமாகவும் இருப்பதால் அதைத் திரும்பி வரும் சூரியனுக்கு ஒப்பிடுவார்கள். ரஷ்யர்களும் ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக்கு முந்தைய வாரத்தில் இதே காரணம் சொல்லி அப்பம் சுட்டுத் தின்றுவிட்டு, கடைசி நாளில் வைக்கோல் பாவையை எரிக்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்: சூரிச் நகரில் பனிமனிதனின் தலை வெடிக்கும் நேரத்தை வைத்துக் கோடையைக் கணிக்கிறார்களாமே, பலிக்குமா?

பலிக்காது. ஏப்ரல் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் மாலை ஆறு மணிக்கு, தலைக்குள் வெடி வைத்த பொம்மையை விறகு அடுக்கின் உச்சியில் நிறுத்தி எரிக்கிறார்கள். தலை விரைவில் வெடித்தால் நல்ல கோடை என்பார்கள். 2003இல் ஆறு நிமிடத்துக்குள் வெடித்தது, அந்த ஆண்டு ஐரோப்பாவே வெப்பத்தில் தவித்தது. அந்த ஒற்றைப் பொருத்தத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2023இல் 57 நிமிடம் பிடித்தது. விறகின் ஈரமும் காற்றும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

பாகூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவும் மாசிமகமும் நம் பக்கத்தில் இவ்வளவு சிறப்பாக நடப்பது ஏன்?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சோரியாங்குப்பத்தில் தென்பெண்ணைக் கரை இருக்கிறது. விடை அந்த ஆற்றிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, முழங்கால் அளவு தெளிந்த நீர் ஓடும் காலம் தை. பங்குனியில் போனால் பல இடங்களில் மணல்தான் இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஊர்த் தெய்வங்கள் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொள்கின்றன. திருவண்ணாமலை அண்ணாமலையாரே மணலூர்பேட்டைக்கு வந்து தென்பெண்ணையில் நீராடுகிறார். திருவிழாவுக்குப் போனவர்கள் சுருளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்புவதில்லை.

மாசியில் கடல் அமைதி அடைகிறது. மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்னொன்றையும் அவசியம் பாருங்கள். கடலூர் மாவட்டம் கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, வழியில் தைக்கால் தர்கா அருகே இஸ்லாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு பட்டு சாத்துகிறார்கள். கோயில் தரப்பில் அவர்களுக்கு மாலை மரியாதை செய்கிறார்கள். காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினத்திலோ, திருக்கண்ணபுரத்திலிருந்து வரும் சௌரிராஜப் பெருமாள் தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால், மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூவி வரவேற்கிறார்கள். கடவுளை உறவுமுறை சொல்லி வாய்நிறைய அழைக்கும் அந்தக் குரலை அலையோசைக்கு நடுவே கேட்க வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஓர் இளைஞர்: காமன் எரிப்பதை நேரில் பார்க்க விரும்புகிறேன். எப்போது, எப்படிப் போக வேண்டும்?

பஞ்சாங்கத்தில் மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களின் பௌர்ணமியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. எரிக்கும் இரவுக்கு மட்டும் போகாமல், இரண்டு மூன்று நாள் முன்னதாக ஒரு லாவணி இரவுக்கும் போய் உட்காருங்கள். பாடுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், பாட்டை ஏட்டில் எழுதி வைத்தவர்கள் குறைவு. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்து, ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். ரதி அழும்போது கைபேசி விளக்கை முகத்தில் அடிக்க வேண்டாம்.

எரித்த மறுநாள் காலையிலும் ஒருமுறை அந்த முச்சந்திக்குப் போய்ப் பாருங்கள். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். நடுவில் கரும்பின் அடிக்கட்டை மட்டும் தோல் கருகி, உள்ளே ஈரத்தோடு மண்ணில் நின்றுகொண்டிருக்கும். எரியாத கட்சியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஒரு காலையில் என்னை அழைத்துக் காட்டியது அதைத்தான்.