401 வந்தால் சர்டிஃபிகேட் சோதனையை ஏன் அணைக்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் ஸ்டாக் மென்பொருள் ஜாவா 11-இல் ஓடுகிறது. சரக்கு அனுப்பித் தரும் நிறுவனம் ஒன்று, எங்கள் மென்பொருள் நேரடியாக அவர்கள் சர்வரோடு பேச ரெஸ்ட் சேவை கொடுத்திருக்கிறது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கின்றன. அவர்கள் ஆவணத்தில் உள்ள கர்ல் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) கட்டளையை அப்படியே ஓட்டினால் பதில் சரியாக வருகிறது. அதே விவரங்களை, லாகினைக் கையாளும் ஜாவாவின் ஆத்தென்டிகேட்டரில் கொடுத்தால், பழைய எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷனில் 401 வருகிறது. புதிய எச்டிடிபி கிளையன்ட்டில் ஏதோ ஹெடர் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் தலைப்பு விவரம்) இல்லை என்று எக்ஸப்ஷன், அதாவது பிழை. வெளியிலிருந்து உதவும் ஒருவர், ‘எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் சோதனையை அணைத்தால் சரியாகிவிடும்’ என்று முப்பது வரி கோடு (நிரல்) தந்தார். அப்போதும் 401 தான். மீதியைத் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி, ஒரு தொகையும் லாகின் விவரமும் கேட்டார். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் தந்த முப்பது வரிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

401 என்பது ‘நீங்கள் யார் என்று காட்டவில்லை’ என்று சர்வர் உங்களுக்கு எழுதி அனுப்பிய பதில். எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து அந்தப் பதில் வந்துவிட்டது என்றாலே, ஜாவா சர்வரின் அடையாளச் சான்றான அந்தச் சர்டிஃபிகேட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்டு, பாதுகாப்பான இணைப்பை அமைத்து, உங்கள் கோரிக்கையை உள்ளே சேர்த்துவிட்டது என்று அர்த்தம். சர்டிஃபிகேட்டில் கோளாறு இருந்திருந்தால் 401 வரை போயிருக்கவே மாட்டீர்கள். ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு’ (நம்பகமான சர்டிஃபிகேட் சங்கிலி கிடைக்கவில்லை) என்ற பிழையோடு வாசலிலேயே நின்றிருப்பீர்கள். ஆக, 401-க்கு மருந்தாக சர்டிஃபிகேட் சோதனையை அணைக்கச் சொல்பவருக்குப் பிழை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

சரி, உண்மையான காரணத்துக்கு வருவோம். கர்லில் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்தால் யாரும் கேட்கும் முன்பே, முதல் கோரிக்கையிலேயே, அது ‘ஆத்தரைசேஷன்’ ஹெடரில் அவற்றை வைத்து அனுப்பிவிடும். ஜாவாவின் ஆத்தென்டிகேட்டர் அப்படி இல்லை. அது முதலில் வெறுங்கையோடு போகும். சர்வர் 401 சொல்லி, கூடவே ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட்’ என்ற ஹெடரில் ‘இந்த முறையில் அடையாளம் காட்டு’ என்று கேட்டால்தான் விவரத்தை வெளியே எடுக்கும். சரக்கு நிறுவனத்தின் சர்வர் 401 மட்டும் சொல்கிறது, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அதனால் ஜாவாவின் பழைய வகுப்பு (கிளாஸ்) 401-ஐ அப்படியே உங்களிடம் நீட்டுகிறது. புதியது ‘அந்த ஹெடரைக் காணோம்’ என்று எக்ஸப்ஷன் எறிகிறது. ஆத்தென்டிகேட்டரில் நீங்கள் கொடுத்த பாஸ்வேர்ட் சர்வருக்குப் போகவே இல்லை.

401 அனுப்பினால் அந்த ஹெடரையும் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று எச்டிடிபி விதியிலேயே இருக்கிறது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற விதி ஆவணத்திலும் அதுதான், அதற்கு முந்தைய பதிப்புகளிலும் அதுதான். ஆனாலும் சேவை தருகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆவணத்தில் ஒரே ஒரு கர்ல் உதாரணத்தைப் போட்டுவிட்டு, அது ஓடினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கே அரை மணி நேரத்தில் திருத்த வேண்டிய விஷயத்துக்காக, இங்கே உங்களைப் போன்றவர்கள் வாரக்கணக்கில் அலைகிறீர்கள். பெரிய சேவைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அட்லாசியனின் ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) சில தகவல்களை லாகின் இல்லாமலும் தரும் என்பதால், அடையாளம் காட்டும்படி வழக்கமான முறையில் கேட்காது. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் தனியார் ரெப்போவை (சேமிப்பகத்தை) அடையாளம் காட்டாமல் கேட்டால் 404, அதாவது ‘அப்படி எதுவும் இல்லை’ என்று வரும். அப்படி ஒன்று இருப்பதையே வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் சரக்கு நிறுவனம் செய்வதில் இல்லை.

தீர்வு சுலபம். ஆத்தென்டிகேட்டரை கிளையன்ட்டிலிருந்து நீக்கிவிட்டு, ஹெடரை நீங்களே போடுங்கள். யூசர்நேம், ஒரு முக்காற்புள்ளி (:), பாஸ்வேர்ட் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அதை யுடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும், ஜாவாவோடு வரும் பேஸ்64 வகுப்பில் என்கோடு செய்யுங்கள். முன்னால் ‘பேசிக்’ என்ற சொல், ஒரே ஒரு இடைவெளி, பிறகு அந்த எழுத்துச் சரம். இதை ‘ஆத்தரைசேஷன்’ ஹெடராக ஒவ்வொரு கோரிக்கையிலும் சேருங்கள். மூன்று நான்கு வரிக்கு மேல் போகாது. இதற்கு ஆள் வைத்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நான்கு வரியிலும் ஒரு குழி இருக்கிறது. பேஸ்64 வகுப்பில் ‘கெட்என்கோடர்’ என்றும் ‘கெட்மைம்என்கோடர்’ என்றும் இரண்டு இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவது மின்னஞ்சலுக்கானது, 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் முக்காற்புள்ளியோடு சேர்ந்து 57 பைட்டுக்குள் இருக்கும்வரை எந்த வித்தியாசமும் தெரியாது. சோதனைக்குத் தந்த சின்ன பாஸ்வேர்டில் எல்லாம் ஓடும். நிஜக் கணக்குக்கு மின்னஞ்சல் முகவரியும் நீளமான டோக்கனும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் குறியீடு) தருவார்கள். அன்றைக்கு ஹெடருக்குள் வரி உடைந்து, ஹெடரின் மதிப்பு செல்லாது என்று எக்ஸப்ஷன் வரும். அப்புறம் டோக்கனைக் குறை சொல்லி சேவை நிறுவனத்துக்கு மெயில் மேல் மெயில் போகும். பழைய கோடுகளில் சன் நிறுவனத்தின் உள்வகுப்பு என்கோடர் இருந்தாலும் இதே கதைதான். ஜாவா 9-இல் அதை எடுத்தே விட்டார்கள்.

இன்னொன்று. பழைய வகுப்பில் ஹெடரைப் போட்டுவிட்டு, போய்விட்டதா என்று ‘கெட்ரிக்வெஸ்ட்ப்ராப்பர்ட்டி’ வைத்துத் திரும்பக் கேட்டால் ‘நல்’ (null, மதிப்பு எதுவும் இல்லை) என்றுதான் வரும். பாதுகாப்புக்காக ஜாவா வேண்டுமென்றே மறைக்கிறது. ஹெடர் போய்க்கொண்டுதான் இருக்கும். இதைப் பார்த்துக் குழம்பி நல்ல கோடைக் கலைத்துவிடாதீர்கள்.

இப்போது அந்த முப்பது வரிக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கோடு எங்கும் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது இரண்டு விஷயம்: எந்தச் சர்டிஃபிகேட் வந்தாலும் மறுக்காத ஒரு டிரஸ்ட் மேனேஜர், எந்தப் பெயர் வந்தாலும் சரி என்று சொல்லும் ஒரு ஹோஸ்ட்நேம் வெரிஃபையர். வந்திருப்பவர் யார் என்று பார்க்காமல் கதவைத் திறக்கும் காவலாளியை வேலைக்கு வைப்பது போலத்தான் இது. உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் எவரும் ‘நான்தான் சரக்கு நிறுவனம்’ என்று சொல்லி உங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளலாம். பேஸ்64 அதைக் காக்காது. அது பூட்டு அல்ல, எவரும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். பேசிக் முறைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு எச்டிடிபிஎஸ். அதையும் கழற்றிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

இதைவிட மோசமானது, அந்தக் கோடு பெரும்பாலும் ‘செட் டிஃபால்ட்’ என்று தொடங்கும் மெத்தடுகளில் முடியும். அப்படியென்றால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமல்ல, அதே ஜாவா ப்ராசஸில் அந்தப் பழைய வகுப்பு வழியாகப் போகும் எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்புக்கும் சோதனை போய்விடும். உங்கள் மென்பொருள் வங்கியோடோ பணம் வாங்கும் சேவையோடோ பேசினால், அதுவும் சேர்ந்து திறந்து கிடக்கும். சரக்கு நிறுவனத்தின் பெயரில் வந்த கோடு இதைச் செய்திருக்கும் என்று யாரும் தேடக்கூட மாட்டார்கள். வேலையை முடித்த மாதிரிக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் விட்டுச் செல்வது இதைத்தான். எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

சர்டிஃபிகேட் பிழை உண்மையாகவே வரும் இடம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு இன்று தேவையில்லை, ஆனால் நாளை அதே ஆள் இதைக் காட்டி ‘நான் சொன்னேனே’ என்பார், அதனால் சொல்லிவைக்கிறேன். பெரிய அலுவலகங்களில் உள்சேவைகளுக்குச் சொந்த ரூட் சர்டிஃபிகேட் (மற்ற சர்டிஃபிகேட்டுகளுக்கு மூலமான சான்று) இருக்கும். அல்லது நடுவில் இருக்கும் ப்ராக்ஸி (இடைத்தரகு சர்வர்) எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்பையும் தன் சர்டிஃபிகேட்டோடு மறுபடி பூட்டி அனுப்பும். பிரவுசரில் திறக்கும், ஜாவாவில் ‘பிகேஐஎக்ஸ்’ பிழை வரும். காரணம், பிரவுசர் பொதுவாக விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலையும் பார்க்கிறது. ஜாவா தன்னுடைய ‘சிஏசெர்ட்ஸ்’ ஃபைலை மட்டும் பார்க்கிறது. அங்கேயும் சோதனையை அணைக்கக் கூடாது. ஐடி பிரிவிடம் ரூட் சர்டிஃபிகேட்டையும் அதன் கைரேகை எண்ணையும் (ஃபிங்கர்பிரின்ட்) தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் பொருந்துகிறதா பாருங்கள். சிஏசெர்ட்ஸ் ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்து, அந்த நகலில் ஜாவாவோடு வரும் கீடூல் கருவி கொண்டு இதைச் சேர்த்து, ஜாவாவைத் தொடங்கும்போது டிரஸ்ட்ஸ்டோராக (நம்பிக்கைப் பட்டியலாக) அந்த நகலைக் காட்டுங்கள். மூல ஃபைலிலேயே சேர்த்தால் ஜாவாவைப் புதுப்பிக்கும் நாளில் காணாமல் போகும். வெற்று டிரஸ்ட்ஸ்டோர் ஒன்றை உருவாக்கி அதில் இந்த ஒன்றை மட்டும் வைத்தாலும் ஆபத்து: நீங்கள் காட்டும் ஸ்டோர் பழையதோடு சேராது, பழையதற்குப் பதிலாக வரும். உள்சேவை திறக்கும், வெளி உலகம் மொத்தமும் ‘பிகேஐஎக்ஸ்’ சொல்லும். நகல் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதாதீர்கள். ஜாவா மென்பொருளைக் கட்டித் தரும் ஜார் என்பது வெறும் ஜிப் ஃபைல். பிரித்தால் எழுத்துச் சரங்கள் எல்லாம் தெரியும். என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) வைத்து, ஓடும்போது படித்துக்கொள்ளுங்கள்.

சரக்கு நிறுவனத்திடம் டோக்கன் முறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிட்ஹப் 2020 நவம்பர் 13 முதல் தன் ரெஸ்ட் சேவையில் கணக்கு பாஸ்வேர்டை ஏற்பதையே நிறுத்திவிட்டது. டோக்கன் என்றால் அதற்கு என்னென்ன செய்ய அனுமதி என்று குறுக்கலாம், தனியாக ரத்து செய்யலாம். ஓஆத் 2 (டோக்கன் வழங்கும் ஒரு பொது முறை) வைத்திருந்தால், ஒருமுறை டோக்கன் வாங்கி, பதிலில் சொல்லும் விநாடிகள் தீரும்வரை அதையே பயன்படுத்துங்கள். அப்போது ஹெடரில் ‘பேசிக்’ இருந்த இடத்தில் ‘பேரர்’ வரும், அவ்வளவுதான்.

கோடைத் தொடுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன பாஸ்வேர்ட் இனி உங்களுடையது அல்ல. சரக்கு நிறுவனத்துக்கு இன்றே எழுதி, அதை ரத்து செய்து புதியது தரச் சொல்லுங்கள். பழைய பாஸ்வேர்டில் இந்த நாட்களில் வந்த கோரிக்கைகளின் பட்டியலையும் கேளுங்கள். அதே மெயிலில், 401-உடன் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட்’ ஹெடரை அனுப்பும்படியும் எழுதுங்கள். உங்களுக்கு இனி தேவைப்படாது, ஆனால் அடுத்து அங்கே வரும் ஜாவாக்காரருக்குத் தேவைப்படும்.