பற்பசை ட்யூபுக்கு அட்டைப்பெட்டி எதற்கு?

ட்யூபே ஓர் உறைதானே, அப்புறம் பெட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பசையைக் காக்க அல்ல. சரியாமல் அடுக்கவும், பெரிதாக விளம்பரம் அச்சிடவும்தான். வீட்டுக்கு வந்த நிமிடமே அது குப்பை.

குறைக்க முடியுமா? முடியும், குப்பைச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்து. 1991-இல் ஜெர்மனி போட்ட விதி, வெளிப்பெட்டியைக் கடையிலேயே கழற்றிப் போட வாடிக்கையாளரை அனுமதித்தது. அகற்றுவது கடையின் பொறுப்பு. தேவையற்ற பெட்டிகள் பல காணாமல் போயின.

அட்டையாவது மறுசுழற்சிக்குப் போகும். எனக்குக் கவலை சின்ன பாக்கெட்டுகள்தான். பலவற்றில் பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்குகளை ஒட்டியிருப்பார்கள். கிழித்த ஓரத்தில் வெள்ளியாக மின்னும். அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. சரி, தினமும் செலவாகும் ஷாம்பு, சோப்புத்தூளையாவது பெரிய அளவில் வாங்குங்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு இது சரிவராது.