நாளொன்றுக்கு எத்தனை பீடி?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். சட்டம் படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. நிர்வாகத் தரப்புத் தொழிலாளர் வழக்குகளை மட்டுமே நடத்தும் ஓர் அலுவலகம் வேலூரில் இருக்கிறது. அங்கே ஜூனியராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது. என் அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்கவைத்தவர். முதலாளிகளுக்காக வாதாடப் போகிறேன் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை; மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நீங்கள் 31 ஆண்டுகள் அந்தப் பக்கம் நின்றவர். கட்டுரைகளில் மட்டும் தொழிலாளர்மேல் அத்தனை பரிவு. கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன்: இது குற்றவுணர்ச்சியா? நான் சேரலாமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சேரலாம். மற்றதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நிர்வாகத் தரப்பு வக்கீல் என்றதும் எல்லோருக்கும் கறுப்புக் கோட்டும் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். என் நாள்களில் பாதி பஸ்ஸில் போனது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. போய் உட்கார்ந்தால் முதலாளி டீ வரவழைப்பார். பிறகு, ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட ஒரு காரியத்தைச் சொல்லி, இதைச் சட்டப்படி ஆக்கிக் கொடுங்கள் என்பார். ஆளை வெளியே அனுப்பிவிட்டு ஆலோசனை கேட்பதில் நம் பகுதி முதலாளிகளை மிஞ்ச ஆளில்லை.

ஒரு தோல் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்துவிட்டது என்று 6 பேரை நிறுத்தினார்கள். அப்போதிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இதில் கறார். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்வதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். அனுப்பும்போதே தர வேண்டும். இவரோ, பணம் வந்ததும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். ஆறு பேரையும் திரும்ப எடுங்கள், பணத்தைக் கையில் கொடுத்து முறையாக அனுப்புங்கள் என்றேன். "உங்களுக்கு ஃபீஸ் கொடுப்பது யார்?" என்றார். அடுத்த வாரம் வேறு வக்கீலிடம் போய்விட்டார். நான்கு ஆண்டு கழித்துத் தீர்ப்பின் கணக்கு வந்தபோது என்னைத் தேடி வந்தார். அப்போதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு வகையினர் 230ஆவது நாளில் ஆளை நிறுத்தி, பதினைந்து நாள் கழித்துப் புது ஆள்போல மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏற்றுபவர்கள். நிரந்தரமாக்காமல் இருப்பதற்காகவே வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற நடைமுறை என்று அதே தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. இதையெல்லாம் முதலாளியின் அறையில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. 'கூடாது' என்ற சொல்லைச் சங்கத் தலைவர்கள்கூட அவர்களிடம் அத்தனை முறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களை உள்ளே விட்டால்தானே?

நிர்வாகம் எழுப்பும் வாதமெல்லாம் சூழ்ச்சி என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வழக்கை எடுத்துப் படியுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனத்தின் பணிநீக்கத்தில் தொழிலாளர் நீதிமன்றம் தலையிடலாமா, கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தரும் அரசியல் சாசனத்தின் 30ஆவது கூறு குறுக்கே நிற்காதா என்பது கேள்வி. உயர் நீதிமன்றம் நிர்வாகம் சொன்னதை ஏற்றது. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சட்டம் அங்கும் பொருந்தும் என்றது. தோற்ற வாதம்தான். யாரோ ஒரு வக்கீல் அதை எடுத்து வைத்ததால்தான் விடை கிடைத்தது.

உங்களுக்கு இன்னொரு அவமானமும் காத்திருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் ஆஜராக முடியும் என்பது தொழில் தகராறு சட்டத்தின் 36ஆவது பிரிவு. என் முதல் வழக்கிலேயே சங்கத் தலைவர் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "வக்கீல் வேண்டாம்" என்றார். நான் கோப்பை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். என் சீனியர் மட்டும் முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி என்ற தகுதியில் உள்ளே போனார். அது 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட வழி. போயும் அன்று அந்தச் சங்கத் தலைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

இனி, நீங்கள் கடுமையாகக் கேட்டது.

1990களின் கடைசி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலை. ஷூவின் மேல்பகுதியைச் செய்யும் அப்பர் பிரிவில் பசை தடவி மடிக்கும் மேசை வேலை செய்த ஒரு பெண்மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை: அனுமதியின்றி 14 நாள் வரவில்லை, கேட்ட சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினார். டைம் ஆபீஸை ஒட்டிய அறையில் நிர்வாகமே நடத்தும் உள்விசாரணை. வேறு வேலையாகப் போயிருந்த நானும் மூலையில் உட்கார்ந்திருந்தேன். விசாரணை அதிகாரியின் முன்னால் இருந்தது நான் தயாரித்துக் கொடுத்த மாதிரிப் படிவம்.

சூப்பர்வைசர் சாட்சியம் சொல்லி முடித்தார். "இவரைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். அந்தப் பெண் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்று என் நாத்தனார் வந்து உங்களிடம்தானே சொன்னாள், அண்ணா? சரி, பார்த்துக்கொள்ளச் சொல் என்று நீங்கள்தானே சொல்லி அனுப்பினீர்கள்?" குரலை உயர்த்தவில்லை. விரல்களில் சொல்யூஷன் காய்ந்து ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. பேசும்போதே அதைக் கிள்ளிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதினார்: 'குறுக்கு விசாரணை இல்லை.' அந்தப் பெண் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டும் நேராக வழக்கின் மையத்துக்குப் போகும் கேள்விகள். எத்தனையோ சீனியர்களின் குறுக்கு விசாரணையைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

பணிநீக்கம் வழக்காகித் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தது. காகிதத்தில் குறையே இல்லாததால் உள்விசாரணை முறையாக நடந்தது என்று முடிவாயிற்று. ஆனாலும் 11ஏ பிரிவின்படி தண்டனை அதிகம் என்று நீதிபதி குறைத்துவிடுவார் என்பது தெரிந்துபோயிற்று. மிச்சமிருந்தது பின்சம்பளம். வேலையில்லாத ஐந்தாண்டுக்கு முழுச் சம்பளமா, பாதியா, ஒன்றுமில்லையா? நான் கூண்டருகே போய்க் கேட்டேன்.

"வேலை போன பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?"

"பீடி சுற்றினேன்."

"நாளொன்றுக்கு எத்தனை?"

"அறுநூறு, எழுநூறு சுற்றுவேன். ஏஜென்ட் கழித்தது போக ஐநூறு நிற்கும்."

எழுநூறு என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டேன். பதிவாயிற்று. அந்த எழுநூறின்மேல்தான் என் வாதம் முழுவதையும் கட்டினேன்: இவர் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தார். தீர்ப்பில் மீண்டும் வேலை கிடைத்தது. பின்சம்பளம் 25 விழுக்காடு. நிர்வாகத்துக்கு அது வெற்றி. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

வேலையில்லாமல் இருந்தேன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், இல்லை, வேறெங்கோ அதே அளவு சம்பாதித்தார் என்று காட்டுவது நிர்வாகத்தின் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு முன்பே வந்திருந்தால்கூட நான் அவர் வாயிலிருந்து அந்த எண்ணை வாங்கியிருப்பேன். மறைக்கத் தெரியாதவர்.

31 ஆண்டுக்கும் சேர்த்துக் குற்றவுணர்ச்சி என்றால், கிடையாது. கையாடல் செய்தவர், போலி வருகைப் பதிவு போட்டவர், மேற்பார்வையாளரை இரும்புக் கம்பியால் அடித்தவர் என்று பலருக்கு எதிராக வென்றிருக்கிறேன், தூக்கம் கெட்டதில்லை. வாய்தா வாங்கி வென்றவை வேறு. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நிர்வாகம் போட்ட மேல்வழக்கு நிலுவையில் இருக்கும்வரை தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்பது 17பி பிரிவு. கடைசியாக வாங்கியது என்றால் பத்தாண்டுக்கு முந்தைய சம்பளம். அந்தத் தொகைக்கு ஒருவரை எவ்வளவு காலம் காக்க வைக்கலாம் என்று முதலாளிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சேர்வதற்கு முன் அந்த அலுவலகக் குமாஸ்தாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஆண்டுக்கு எத்தனை கோப்புகள் தொழிலாளர் அலுவலகத்திலேயே சமரசமாகி, ஒப்பந்தத்தோடு முடிகின்றன என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் அது வழக்கை வளர்க்கும் இடம். வேறு சீனியர் தேடுங்கள். சேர்ந்த பிறகு உள்விசாரணைக்கு அனுப்பினால், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். அதற்காக உங்களைத் திட்டுவார்கள்.

நான் சொன்ன பிரிவு எண்களை நெட்டுருப் போட வேண்டாம். 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான். அதற்குக் கீழே நிற்கும் தொழிற்சாலைகள் நம் பகுதியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அங்கெல்லாம் முதலாளியிடம் 'கூடாது' என்று சொல்ல உள்ளே இருக்கப்போவது அவருடைய வக்கீல் மட்டும்தான்.

அலுவலகத்தில் சேரும் நாளுக்கு முன் அம்மா பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். எழுநூறு பீடிக்கு எத்தனை மணி நேரம், இலை நறுக்க எவ்வளவு, ஏஜென்ட் கழிப்பது எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் இவற்றில் ஒன்றைக்கூடத் தெரிந்துகொள்ளாமல்தான் அன்று கூண்டருகே போனேன்.