பாட்டியின் கைகள்

அன்புள்ள ஐயா,

மறைந்த என் பாட்டியை மூன்று மாதமாக அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டரை அடி உயரக் கேன்வாஸ். மடியில் கோத்து வைத்திருக்கும் கைகள் நன்றாக வந்துவிட்டன. முகம்தான் வரவில்லை. திருத்தத் திருத்தக் கன்னம் சேற்று நிறமாகிவிட்டது. எல்லாவற்றின் மேலும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிவிட்டு வேறு வரையலாம் என்று தூரிகையை எடுத்தேன். மனம் வரவில்லை. கெட்டுப்போன ஓவியத்தை வைத்து என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நல்லவேளை, பூசாமல் விட்டீர்கள்.

பழைய படத்தின் மேல் புதிதாக வரைவது ஓவியர்களின் நெடுநாள் வழக்கம். வான்கோ 1887இல் வரைந்த ஒரு புல்தரைக்கு அடியில் குடியானவப் பெண்ணின் தலை இருப்பதை 2008இல் எக்ஸ்ரே கதிரால் தெளிவாகப் பார்த்தார்கள். அவருக்குக் கேன்வாஸ் வாங்குவதே பெரும்பாடு. வரைந்ததையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அந்தப் புல்லுக்கும் அந்தப் பெண்ணுக்கும் உறவு எதுவும் இல்லை.

அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் செய்தது வேறு. 1950களின் தொடக்கத்தில், ஸ்டூடியோ சுவர் முழுக்க மாட்டியிருந்த தன் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் பிடிக்காமல்போய், எல்லாவற்றையும் கிழித்துத் தரையில் போட்டுவிட்டு வெளியேறினார். சில வாரம் கழித்து வந்து பார்த்தபோது, தரையில் கிடந்த துண்டுகளே அவரைப் பிடித்து நிறுத்தின. ஒட்ட ஆரம்பித்தார். 1951 கண்காட்சியில் விற்காமல் திரும்பிய தன் ஓவியங்கள் சிலவற்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அவற்றின் மேலேயே ஒட்டினார். அந்தக் கொலாஜ்களை, அதாவது ஒட்டுச் சித்திரங்களை, 1955இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். பழைய வண்ணம் புதிய படத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படியே நிற்கிறது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த வழியைத்தான்.

அந்தச் சில வாரங்கள் முக்கியம். கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். இப்போது நீங்கள் அதில் பார்ப்பது பாட்டியின் முகம் வரவில்லை என்பதை மட்டும்தான். அந்த ஏமாற்றம் கொஞ்சம் அடங்கினால்தான் வண்ணம் வண்ணமாகத் தெரியும்.

பிறகு, ‘ட’ வடிவில் இரண்டு அட்டை வெட்டி, எதிரெதிராக வைத்து ஒரு சட்டம்போல் ஆக்கி, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். என் வாட்டர்கலர் ஒன்றை இப்படித்தான் மீட்டேன். மழை வானம் வரையப்போய், மேகத்தைத் தொட்டுத் தொட்டுக் கெடுத்திருந்தேன். ஈரப் பஞ்சால் ஒற்றியும் தாலோ நீலம் போகவில்லை. தாளில் கறையாய் இறங்கிவிடும் நிறம் அது. அட்டையை நகர்த்தியபோது சட்டம் கீழ் மூலையில் வந்து நின்றது. உள்ளங்கை அளவு இடம். பச்சை உலரும் முன் பழுப்பு அதற்குள் ஓடி, கிளை கிளையாய்ப் பிரிந்திருந்தது. நான் கவனிக்காத நேரத்தில் தண்ணீர் செய்த வேலை. அதை மட்டும் வெட்டி எடுத்தேன். அடுத்த ஆறு படங்கள் அந்தத் துண்டிலிருந்து வந்தன.

உங்கள் கேன்வாஸில் அப்படிப்பட்ட இடம் எது என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைகள். கோத்த கைகளே ஒரு முழு உருவப்படம். முகத்தைவிட அவை பாட்டியை அதிகம் சொல்லக்கூடும். நீங்கள் அவற்றைத் திருத்தாமல் விட்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

படத்தை முழுதாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், முகமும் தோளும் உள்ள மேல்பாதியை ஒரே அடர்ந்த நிறத்தால் மூடிவிடலாம். அதற்கு முன் கன்னத்தில் மேடிட்ட வண்ணத்தை நைசான உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பழைய முகத்தின் வரம்பு எழுந்து தெரியும். அது தெரியட்டும் என்று விட்டாலும் எனக்குச் சம்மதமே. நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் மேல் ஆயில் பெயிண்ட் பிடிக்கும். ஆயில் மேல் அக்ரிலிக் பூசாதீர்கள், உரிந்துவிடும்.

கைகளை மட்டும் வெட்டி எடுப்பதென்றால், முதலில் முழுப் படத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சட்டத்தில் மடித்து அடிக்க நான்கு பக்கமும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக விட்டு வெட்டுங்கள். விரல் நுனிக்கு மிக அருகில் கத்தி போகவேண்டாம்.