மழை பெய்யும் என்பது சுரங்கத்துக்குத் தெரியாதா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டிலிருந்து வழியும் மழைநீரைத் தேக்கும் வண்டல் குட்டை, போன ஐப்பசி மழையில் கரை உடைந்தது. என் இரண்டு ஏக்கர் சம்பா நடவைச் சேறு மூடிவிட்டது. மிச்சம் ஏரிக்குள் போய்விட்டது. "வரலாறு காணாத மழை, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள் சுரங்க நிர்வாகத்தினர். ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றும் கேட்கிறார்கள். போடலாமா ஐயா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட விவசாயி)

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். "இனி எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை" என்ற வரி அந்தத் தாளில் இருந்தால், சேற்றை அள்ளும் செலவையும் அடுத்த போகத்தின் இழப்பையும் பிறகு கேட்பது பெரும்பாடாகிவிடும். பணம் அவசரம் என்றால், "இடைக்கால நிவாரணமாக மட்டும் பெறுகிறேன், மீதி இழப்பீடு கேட்கும் உரிமையை விடவில்லை" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மழையைக் காரணம் காட்டுவதை ஏற்காதீர்கள். அந்தக் குட்டை வெட்டப்பட்டதே மழைக்காகத்தான். திறந்தவெளிச் சுரங்கங்களுக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: மேட்டைச் சுற்றியுள்ள வடிகாலும் குட்டையும் அந்தப் பகுதியின் உச்ச மழைக்கும் மேலே 50 சதவீதம் கூடுதலாகத் தாங்க வேண்டும், வண்டல் அடியில் படியும் அளவுக்கு நீர் அங்கே தங்க வேண்டும், குறிப்பாகப் பருவமழைக்குப் பின் தூர்வார வேண்டும். பாதிக் குட்டை வண்டலால் அடைந்திருந்தால், வரைபடத்தில் எவ்வளவு கொள்ளளவு காட்டினாலும் பயனில்லை. வந்த நீர் தங்காமல் கலங்கலாகவே வெளியேறும், இல்லையேல் கரையை உடைக்கும். ஆகவே உங்கள் வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்?

அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். அனுமதிக் கடிதம், வாரியத்தின் இசைவாணை (சுரங்கம் இயங்க வாரியம் தரும் ஒப்புதல்), ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரங்கம் தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை ஆகிய மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கையில் "தூர்வாரப்பட்டது" என்றும், நிலத்தில் வேறாகவும் இருந்தால் அதுவே வலுவான சாட்சி.

ஆனால் சேறு காத்திருக்காது. இன்றே அளவுகோலை நட்டு, தேதியும் இடமும் பதியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண் அலுவலருக்கும் பார்வையிடக் கோரி மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சம்பா நடவு அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் மாதிரியை நீங்களே எடுத்தால் சுரங்கத் தரப்பு அதை மறுக்கும். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி எடுப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். நீரில் கரையாமல் கலங்கலாக நிற்கும் திண்மங்கள் நீர்நிலையில் விடும்போது லிட்டருக்கு 100 மில்லிகிராமையும், பாசன நிலத்தில் விடும்போது 200 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் எடுத்த மாதிரி எதையும் காட்டாது. எனவே வயலில் படிந்த மண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வழக்குக்கு உரிய இடம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அது தீர்க்கக்கூடிய விஷயத்தை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடை போடுகிறது. விபத்து என்றால் யார் தவறு என்று நிரூபிக்காமலேயே பொறுப்பு சுமத்த அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு வழிசெய்கிறது. கரை உடைப்பை விபத்தாகவே முன்வைக்கலாம். மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்பதை, நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஏரி ஊருக்குப் பொது. அதைத் தூர்வாரவும் குட்டையைச் சீரமைக்கவும் ஊரார் சேர்ந்து கேளுங்கள். நீர்வளத்துறையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. குட்டையைச் சரிசெய்ய உத்தரவு கேட்பதற்கு ஆறு மாதம்தான். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தருவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருப்பதால் இந்தக் கெடு நின்றுவிடாது. ஐப்பசியில் உடைந்த கரைக்கு, பங்குனி முடிவதற்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.